ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கள்ள ஆப்பிள்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் கைக்கு ஒரு வன்தட்டு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருடையது அது. எங்கள் வாசகர் வட்டக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார் அவர். பேசியவரிடம் பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் தனியாக ஒரு காரியம் செய்துவந்தார். இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், வல்லம், வடகால், ஒரகடம் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்துகொண்டே போன ஊர்களில் முதியவர்களைத் தேடிச் சென்று, ஏரிகளும் மதகுகளும் கலங்கல்களும் வாய்க்கால்களும் வயல்களும் என்னென்ன பெயர்களால் அழைக்கப்பட்டன என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வயலுக்கும் தனிப்பெயர் இருந்தது என்பதே எங்களில் பலருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். இன்று அந்த நிலங்களுக்கு மனை எண்கள் இருக்கின்றன.

குறிப்புகளை அவர் கணினியில் ஏற்றிவந்தார். வெளிநாட்டில் இருந்த மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய மேக்புக் அது. பழுதாகி, அவர் மறைவுக்குப் பின் வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போய்விட்டது. எஞ்சியது இந்த வன்தட்டு மட்டுமே. அதில் ஆப்பிளின் 'டைம் மெஷின்' முறையில் எடுக்கப்பட்ட காப்புப் பிரதிகள் இருந்தன. விண்டோஸில் செருகினால், இதை வடிவூட்டவா என்று அது கேட்டது. 'ஆம்' என்று அழுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். லினக்ஸில் செருகினால் தேதி தேதியாகக் கோப்புறைகள் தெரிந்தன. உள்ளே போனால், கோப்புறைகள் இருக்கவேண்டிய இடங்களில் உள்ளீடற்ற சிறு கோப்புகள். டைம் மெஷின் மாறாத கோப்புறைகளை மறுபடி எழுதுவதில்லை, பழையதைச் சுட்டும் ஓர் இணைப்பை மட்டும் வைக்கிறது. அந்த இணைப்பைப் பின்தொடரும் வித்தை லினக்ஸுக்கு இயல்பாகத் தெரியாது. (லினக்ஸிலேயே அதற்கொரு சுற்றுவழி உண்டு என்பதைப் பல மாதங்கள் கழித்து அறிந்து தலையில் அடித்துக்கொண்டோம். அதை மறைப்பதற்கில்லை.)

ஒரு மேக் கணினி வேண்டும். எங்களிடம் இல்லை. சென்னையில் ஒரு நண்பரிடம் இருந்தது. சென்னைக்குப் போக இ-பாஸ் வேண்டியிருந்த காலம் அது. புதிதாக வாங்குவதென்றால் எங்கள் சிற்றிதழை ஓராண்டு நிறுத்திவைக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் கைப்பேசிகள் 2019 முதல் எங்கள் ஊர் எல்லையில்தான் பூட்டப்பட்டு வருகின்றன என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. 'பூட்டு' என்ற சொல்லுக்குத் தமிழில் இணை என்றும் பொருள், தாழிடு என்றும் பொருள். ஏரைப் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். ஸ்ரீபெரும்புதூரில் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன என்பதுதான் நாங்கள் இங்கே சொல்ல முற்படுவது.

எங்களிடம் இருந்தது 2015இல் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மேசைக்கணினி ஒன்று. நான்காம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 செயலி, ஹெச்81 வகைத் தாய்ப்பலகை, 8 ஜிபி நினைவகம். தனி வரைகலை அட்டை கிடையாது. அந்தப் பெட்டியில் மேக் இயங்குதளத்தை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். இப்படிச் செய்வதற்கு 'ஹாக்கின்டாஷ்' என்று பெயர். மேக் கணினிகளை இன்டெல் செயலிக்கு மாற்றப்போவதாக ஆப்பிள் 2005 ஜூனில் அறிவித்து, 2006 ஜனவரியில் அவற்றை விற்கத் தொடங்கியது. அன்றிலிருந்து மேக்குக்கும் ரிச்சி தெருப் பெட்டிக்கும் உள்ளுறுப்புகளில் பெரிய பேதமில்லாமல் போயிற்று. பேதம் வேறு இடத்தில் வைக்கப்பட்டது. ஃபைண்டர், டாக் போன்ற முக்கியமான நிரல்கள் மறைகுறியாக்கப்பட்டு, அவற்றைத் திறக்கும் 64 எழுத்துச் சாவி மேக் பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பொதியப்பட்டது. அந்தச் சாவியே திருட வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஒரு வாக்கியம்தான். இது தவிர இயங்குதளத்துக்குள் ஐந்தடி ஆங்கில நகைப்பா ஒன்றையும் ஒளித்துவைத்திருந்தார்கள். 2006இல் அது வெளியே தெரியவந்தது. ஒரு பெருநிறுவனம் தன் சொத்துக்குச் செய்யுளைக் காவல் வைத்தது என்பதை அறிந்தபோது, தொழில்நுட்பத்தில் ஆர்வமற்ற எங்கள் கவிஞர் நண்பரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உரிமம் பற்றியும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். மேக் இயங்குதளத்தை ஆப்பிள் முத்திரை தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவலாம் என்று அதன் உரிம ஒப்பந்தம் சொல்கிறது. நாங்கள் நிறுவலை ஆப்பிளின் சேவையகத்திலிருந்தே இறக்கிக்கொண்டோம். அதற்குப் பணம் கேட்கப்படவில்லை, நாங்கள் தரவும் இல்லை. ஆனால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினோம், ஒப்புக்கொள்ளாத காரியத்தைச் செய்தோம். இதற்கு வேறு பெயர் சூட்டிக்கொள்ள விரும்பவில்லை. அமெரிக்காவின் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008இல் மேக் இயங்குதளம் ஏற்றிய பெட்டிகளை விற்கத் தொடங்கி, ஆப்பிள் தொடுத்த வழக்கில் 2009இல் தோற்றது. 2011இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. விற்பனைக்கும் வீட்டுத் தேவைக்கும் வேறுபாடு உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் எங்கள் நினைப்பு சட்டமாகிவிடாது.

இனி அந்த இரவுகளுக்கு வருகிறோம். அவை ஆறு.

சாதாரண மேக் இயங்கத் தொடங்கும்போது திரையில் ஆப்பிள் சின்னமும் ஒரு கோடும் தெரியும். பழுது பார்ப்பவர் அந்தச் சின்னத்தை விலக்கிவிட்டு, உள்ளே நடப்பதை வரிவரியாகத் திரையில் ஓடவிடுவார். நூற்றுக்கணக்கான வரிகள் பாய்ந்து மேலேறும். எங்கே நிற்கிறதோ அந்த வரிதான் நோய்க்குறி. முதல் இரவில் அது 'எண்ட் ராண்டம் சீட்' என்று ஒரு வரியையும் அதன்கீழ் வரிசையாகக் கூட்டல் குறிகளையும் காட்டிவிட்டு நின்றது. கூட்டல் குறிகளை எப்படிப் படிப்பது? இரண்டு இரவுகள் அங்கேயே கழிந்தன. செயலியின் மின்செலவைக் கட்டுப்படுத்தும் ஒரு பதிவகத்தில் மேக் இயங்குதளம் எழுத முயல்கிறது. எங்கள் பலகை அந்தப் பதிவகத்தை எழுதவிடாமல் தாழிட்டு வைத்திருக்கிறது. எழுதப் போன இடத்தில் கை தட்டப்பட்டதும் இயங்குதளம் மூர்ச்சையாகிவிடுகிறது. தாழைத் திறக்கும் வசதி பலகையின் பயாஸ் பட்டியலில் இல்லை. கடைசியில், அந்த இடத்தில் எழுதாமல் தாண்டிப் போகும்படி இயங்குதளத்துக்குச் சொல்லும் ஒரு சிறு திருத்தத்தை ஓப்பன்கோர் என்ற துவக்க நிரலில் 'ஆம்' என்று மாற்றினோம். ஒரே ஒரு சொல். கூட்டல் குறிகள் மறைந்து வரிகள் ஓடத் தொடங்கியபோது எங்களில் மின்பணியாளராக ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் எழுந்து போய்த் தேநீர் போட்டார். விடியற்காலை மூன்று மணி.

அடுத்த இடறல் 'ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்' என்ற வரியில். வேர் எங்கே என்று காத்திருக்கிறேன் என்கிறது இயங்குதளம். நிறுவல் கோப்புகள் இருக்கும் விரலியைச் செருகியிருக்கிறோம். பயாஸ் அதைப் பார்க்கிறது, ஓப்பன்கோர் அதைப் பார்க்கிறது, ஆனால் மேக் பார்க்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இரண்டும் எங்களுக்குப் பிடித்த கதைகள்.

ஒன்று பெயர் பற்றியது. ஒவ்வொரு தாய்ப்பலகையும் தன்னிடம் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று ஓர் அட்டவணையை இயங்குதளத்திடம் நீட்டுகிறது. அந்த அட்டவணையில் 'ஈசி' என்ற பெயரில் ஓர் உறுப்பைத் தேடிப்பார்க்கும் வழக்கத்தை, 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு கடுமையாக்கிவிட்டது. எங்கள் பலகையில் அந்த உறுப்பு வேறொரு பெயரில் இருந்தது. மேக் அதை இன்னதென்று அறியவில்லை; நிஜ உறுப்பைக் காட்டினாலோ இன்னும் பெரிய குழப்பம் வரும். தீர்வு என்னவென்றால், நிஜ உறுப்பை மறைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பொய் உறுப்பை 'ஈசி' என்று பெயரிட்டு அட்டவணையில் சேர்ப்பது. இதைச் சத்தமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாடியில் தோழிகளுடன் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு பெண், தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பலகைகளைப் பரிசோதிக்கும் வரிசையில் வேலை பார்ப்பவர். "ஆளே இல்லாம பேரு மட்டும் இருந்தாப் போதுமாண்ணா? வோட்டர் லிஸ்ட்டு மாதிரியா?" என்றார். அதைவிடத் துல்லியமான விளக்கத்தை எந்த வழிகாட்டியிலும் நாங்கள் படிக்கவில்லை.

மற்றது துளைகள் பற்றியது. அந்தப் பலகையின் அட்டவணை 21 யூஎஸ்பி முனைகளைச் சொல்கிறது. பெட்டியில் கைக்கு எட்டும் துளைகளோ எட்டு. மீதி, பலகை செய்தவர் தம் குடும்பத்துப் பலகைகள் அனைத்துக்கும் பொதுவாக எழுதிவிட்ட பெயர்கள். மேக் இயங்குதளம் ஒரு கட்டுப்படுத்திக்குப் 15 முனைகளுக்கு மேல் ஏற்பதில்லை. பதினைந்தாவதோடு எண்ணுவதை நிறுத்திவிடும். மேலும், மூன்றாம் தலைமுறை யூஎஸ்பித் துளை ஒவ்வொன்றும் இரண்டு முனைகளாகக் கணக்காகும், ஏனெனில் அதற்குள் பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று என இரண்டு வழிகள் ஓடுகின்றன. எங்கள் விரலி எந்தத் துளையில் இருந்ததோ அது எண்ணிக்கைக்கு வெளியே விழுந்திருந்தது. வேறு துளைக்கு மாற்றியதும் வேர் கிடைத்துவிட்டது. ஆனால் நிரந்தரத் தீர்வுக்கு, எந்தத் துளைக்கு அட்டவணையில் எந்தப் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, பொய்ப்பெயர்களை நீக்க வேண்டும். நாங்கள் மூவர் ஒரு மணி நேரம் முயன்று, குறித்த தாளையே குழப்பிக்கொண்டோம். மாடிவீட்டுத் தங்கை ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்தார். பெட்டியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமாக வரைந்தார். பழைய விரலி ஒன்று, புதிய விரலி ஒன்று என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் செருகி, திரையில் எது ஒளிர்கிறது என்று எங்களைச் சொல்லச் சொல்லி, தானே எழுதினார். 40 நிமிடம். எட்டுத் துளைகளுக்குப் பத்துப் பெயர்கள். பதினொரு பெயர்கள் வெறும் பெயர்கள். அடித்தல் திருத்தல் ஏதுமில்லை.

அப்போது அவர் சொன்ன ஒன்றை இங்கே பதிவு செய்தாக வேண்டும். "ஒரு நாளைக்கு எவ்ளோ போர்டு பாக்கறேன்ணா, இதுல எது எதுக்குன்னு ஒருநாளும் யாரும் சொன்னதில்ல." அவருடைய வேலை, பலகையில் குறிப்பிட்ட ஓர் இணைப்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. சரியென்றால் ஒரு பக்கம், இல்லையென்றால் மறுபக்கம். அந்த இணைப்பி எதை எதனோடு இணைக்கிறது என்பது அவருடைய வேலையைச் சேர்ந்ததல்ல.

எங்கள் துறை வேறு என்பதால் ஓர் ஒப்புமை சொல்லத் தோன்றுகிறது. உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்குள் எத்தனை ஊர்களின் ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒரே நூலுக்கு வேறு வேறு ஏடுகளில் வேறு வேறு பாடம். எழுதியவர் தூக்கத்தில் விட்டது, தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் மாற்றியது, பொருந்தாத இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. பலகையின் அட்டவணையும் அப்படித்தான் இருக்கிறது. விண்டோஸ் ஒன்றில் மட்டும் ஓட்டிப்பார்த்து, ஓடினால் போதும் என்று விட்டுவிட்ட ஏடு. அதிலுள்ள பிழைகளை விண்டோஸ் பொறுத்துக்கொள்கிறது, மேக் பொறுப்பதில்லை. 'உன் பெயர் என்ன' என்று இயங்குதளத்தைக் கேட்டு, பதிலுக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் வரிகளும் சில அட்டவணைகளில் உண்டு. இவற்றையெல்லாம் பாடபேதம் பார்ப்பதுபோலப் பார்த்துத் திருத்தியவர்கள், உலகின் பல மூலைகளில் ஊதியமின்றி உட்கார்ந்திருந்த ஆர்வலர்கள். தங்கள் திருத்தங்களை எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் ஆறு இரவுகள் அறுநூறு ஆகியிருக்கும்.

நான்காம் இரவு எங்களை நாங்களே திட்டிக்கொண்ட இரவு. வரிகள் எல்லாம் ஓடி முடிந்து, வண்ணத்திரை வரவேண்டிய கணத்தில் திரை இருண்டது. வரைகலைக்கான குறியெண்களை மாற்றி மாற்றி மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தோம். நோய் கணினியில் இல்லை, கம்பியில் இருந்தது. எங்கள் பழைய திரை நீலத்தலை விஜிஏ கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. இந்த வகைப் பலகைகளில் அந்த வழியாகப் படம் அனுப்ப மேக் இயங்குதளத்துக்குத் தெரியாது. செட்டாப் பெட்டியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கம்பியைப் பிடுங்கி, கணினியை வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்ததும் மறுநொடி படம் வந்தது. தொடர்கதை பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவாரம் எங்களோடு பேசவில்லை.

ஒலி வந்தது ஐந்தாம் இரவில். ரியல்டெக் ஒலிச் சில்லுக்கு இன்ன எண் பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வோர் எண்ணாகக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து ஏற்றி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இதில் அறிவுக்கு வேலையில்லை, பொறுமைக்குத்தான் வேலை. வன்தட்டைப் படிக்க ஒலி எதற்கு என்று கேட்கலாம். ஒரு வேலையைப் பாதியில் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் இதில் மூழ்கியிருந்த அதே வாரத்தில், 2020 ஜூன் 22 அன்று, ஆப்பிள் தன் கணினிகளை இன்டெல்லிலிருந்து தன் சொந்தச் செயலிகளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. அந்த நவம்பரில் எம்1 வந்தது. 2025 செப்டம்பரில் வெளியான டஹோ பதிப்பே இன்டெல் கணினிகளை ஏற்கும் கடைசிப் பதிப்பு என்று நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அடுத்தவை ஆப்பிளின் சொந்தச் சில்லில் மட்டுமே ஓடும். அந்தச் சில்லு ரிச்சி தெருவில் விற்பனைக்கு வராது. ஆக, 2005இல் திறந்த ஒரு சன்னல் ஏறத்தாழ இருபதாண்டுகளில் சாத்தப்படுகிறது. கள்ளத்தனமாகத் திறந்திருந்த சன்னல்தானே, சாத்தினால் என்ன என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் சற்று நீளமானது.

1982ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து காம்பேக் நிறுவனம் ஐபிஎம் கணினிக்கு ஒத்த கணினி ஒன்றை அறிவித்தது. ஐபிஎம் கணினியில் மற்றெல்லாப் பாகங்களும் கடையில் கிடைப்பவை. பயாஸ் எனப்படும் தொடக்க நிரல் மட்டும் ஐபிஎம்மின் தனியுடைமை. காம்பேக் அதைப் பிரதியெடுக்கவில்லை. ஒரு குழு அதைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதிக்கொடுத்தது. மூலத்தைப் பார்த்தேயிராத மற்றொரு குழு, அந்தக் குறிப்பைக் கொண்டு புதிதாக எழுதியது. பின்னர் பீனிக்ஸ் நிறுவனமும் அதுபோன்ற ஒன்றை எழுதி, கேட்டவர்க்கெல்லாம் விற்றது. ஐபிஎம் விரும்பாத இந்த வாசிப்பிலிருந்துதான் 'ஒத்த கணினி' என்ற பெருந்தொழில் பிறந்தது. 1984இல் ஒரு கல்லூரி மாணவர் அத்தகைய கணினிகளைப் பூட்டி விற்கத் தொடங்கினார். அவர் பெயர் மைக்கேல் டெல். அவருடைய நிறுவனத்தின் தொழிற்சாலை 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்குகிறது. அனுமதியற்ற வாசிப்பின் வாரிசு ஒன்று எங்கள் ஊரில் பலருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை. ரிச்சி தெருவும் அதே வாரிசுதான். காம்பேக் செய்தது சட்டத்துக்கு உட்பட்டது, நாங்கள் செய்தது உரிமத்துக்குப் புறம்பானது. அந்த வேறுபாட்டை அழிக்க நாங்கள் முயலவில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: மூடிய பொருளின் முன் உட்கார்ந்து, அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று விடாமல் கேட்பது. அந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் எங்கள் தொழில்வழித்தடத்தில் எங்கே இருக்கிறது?

நோக்கியா தொழிற்சாலை 2006இல் இங்கே தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. எட்டாண்டுகளில் கோடிக்கணக்கான கைப்பேசிகள் இந்த மண்ணிலிருந்து வெளியே போயின. அது மூடப்பட்ட பிறகு, அங்கே வேலை பார்த்த எங்கள் நண்பர்கள் சிலர் வண்டி ஓட்டினார்கள், கடை வைத்தார்கள், வேறு வரிசைக்குப் போனார்கள். கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. பழுதுபார்ப்பவர்கள் வேறு எங்கோ, பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும், உடைந்ததைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவர்கள். செய்தவர்களுக்குத் திறக்கத் தெரியாது. திறக்கத் தெரிந்தவர்கள் செய்யும் இடத்துக்குள் நுழைந்ததில்லை. இது தொழிலாளரின் குறையன்று. வேலையை நொடிக்கணக்கில் நறுக்கி, ஒவ்வொரு நறுக்கையும் ஒருவரிடம் கொடுத்தால் விளைவு இப்படித்தான் இருக்கும். மலிவான, பிழையற்ற பொருள் அதனால் கிடைக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் இருபதாண்டுகள் மின்னணுப் பொருள்களைச் செய்துவிட்டு, அவற்றைப் பற்றி ஒன்றும் அறியாமல் இருப்பதற்கு அது போதுமான நியாயமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் எதைப் பேசினாலும் இராமாநுசரிடம் வந்து நிற்பார்கள் என்று கேலி உண்டு. நாங்களும் தப்பவில்லை. 1017இல் இவ்வூரில் பிறந்ததாகப் போற்றப்படும் அவர், திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற திருமந்திரப் பொருளை, யாருக்கும் சொல்லக்கூடாது என்ற கட்டளையை மீறிக் கோயில் மேலிருந்து எல்லோருக்கும் சொன்னார் என்பது குருபரம்பரைக் கதை. அந்தக் கதையை இரகசியத்தை உடைத்த கதையாக மட்டும் சொல்வது வழக்கம். எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறு. மீறினால் நரகம் என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மீறிய பின் அவர் குருவின் முன்னால் போய் நின்று, ஆம், மீறினேன், பலனை ஏற்கிறேன் என்றார். பொத்தானை அழுத்தி ஒப்புக்கொண்டுவிட்டு, ஓசையின்றி மீறிய நாங்கள் அவருக்கு இணையல்லர். அதனால்தான் ஆறாண்டுகளுக்குப் பிறகேனும் இதை எழுதிவிடுகிறோம்.

நாங்கள் கேட்பது ஆப்பிள் தன் சாவியைத் தரவேண்டும் என்பதன்று. எங்கள் ஆசை சிறியது. இந்த வழித்தடத்தின் தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டப்படும் பலகைகளில் சில, சுற்றியிருக்கும் ஐடிஐக்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் போகலாம். ஒரு பலகை எப்படி விழித்தெழுகிறது, எங்கே நின்றுபோகிறது, நின்ற இடத்தை எப்படி அறிவது என்று ஒரு பருவம் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு மேக்கும் வேண்டாம், கள்ளத்தனமும் வேண்டாம், லினக்ஸ் போதும். நம்மிடம் முன்னுதாரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமைக்காக நடுவணரசு 2022 ஜூலையில் குழு அமைத்து, அந்த டிசம்பரில் ஒரு வலைவாசலையும் திறந்தது. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போய்க் கையேட்டைப் படித்துப் பலகையைத் தொடும் கை வேண்டும். அந்தக் கைகள் எங்கள் ஊர் விடுதிகளிலும் மாடிவீடுகளிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 40 நிமிடத்தில் அடித்தல் திருத்தலின்றி எட்டுத் துளைகளுக்குப் பெயர் கண்ட கையை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆறாம் இரவு வன்தட்டைச் செருகினோம். தேதி தேதியாகக் கோப்புறைகள் திறந்தன. ஆசிரியரின் கோப்புகள் பேஜஸ் நிரலில் எழுதப்பட்டிருந்தன. மேக்குடன் வரும் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவில், ஊருக்கு ஒரு கோப்பு. வயற்பெயர், அதைச் சொன்னவரின் வயது, நிலம் எந்த மதகின் கீழ் பாய்ந்தது, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை. நான்காம் பத்தி பல இடங்களில் காலியாக இருந்தது. அவற்றை யூனிகோடு உரைக்கோப்புகளாக்கி மூன்று இடங்களில் படியெடுத்து வைத்தோம். மாடிவீட்டுத் தங்கை திரையில் வரிசையை நகர்த்திக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, "இது எங்க கம்பெனி இருக்கற எடம்ணா" என்றார். ஒரு களத்துமேட்டின் பெயரும் ஒரு வாய்க்காலின் பெயரும் அங்கே இருந்தன. நான்காம் பத்தியில் தொழிற்சாலையின் பெயரை அவரே தட்டச்சு செய்தார்.

அந்தக் கணினியில் இப்போது டெபியன் ஓடுகிறது. கேட்டலினா இருந்த தட்டைக் கழற்றி, துளைகளின் படம் வரைந்த நோட்டோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறோம். தங்கை இப்போது ஓசூரில் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். உடன் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி பழைய கணினி ஒன்றை வாங்கி லினக்ஸ் ஏற்றியிருக்கிறாளாம், ஒலி வரவில்லையாம், அன்றைக்கு நமக்கு எந்த எண்ணில் ஒலி வந்தது என்று கேட்டார். லினக்ஸில் அந்த எண்ணுக்கு வேலையில்லை என்றோம். முதலில் அந்தச் சில்லின் பெயரைப் படித்துச் சொல்லச் சொன்னோம். படித்துக்கொண்டிருக்கிறாள், நாளை கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார்.